இன்னும் எடுத்து முடிக்கவில்லை

பான் யோன்சில் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் தலைமுடியில் செருகிக்கொண்டு சரிவில் குப்புறப் படுத்தாள். மார்ச் பிறந்துவிட்டாலும் மண் உள்ளுக்குள் இன்னும் உறைந்துதான் கிடந்தது. பஞ்சு வைத்த மேல்கோட்டைத் தாண்டி அந்தக் குளிர் முதலில் வயிற்றுக்கும் அப்புறம் முழங்கைகளுக்கும் ஏறியது. முகத்துக்கு ஒரு சாண் தள்ளி ஒரு மான்காதுப் பூ நின்றிருந்தது. இலை விடுவதற்கு முன்பே பூத்துவிடுகிற அவசரக்காரப் பூ. கட்டைவிரல் நகம் அளவு அகலம், வெளிர் ஊதா நிறம், காம்பு நெடுக வெள்ளை ரோமம். வெயில் பின்னாலிருந்து விழும்போது அந்த ரோமம் ஒவ்வொன்றும் தனித்தனியாகப் பற்றிக்கொண்டதுபோல் எரியும். வோன்ஜு நகரத்துப் புகைப்பட கிளப் ஆட்கள் ஞாயிற்றுக்கிழமைத் தூக்கத்தை விட்டுவிட்டு இந்தச் சாத்கோல் பள்ளத்தாக்குக்கு வந்து விழுந்து கிடப்பது அந்தக் கொஞ்ச நேர வெயிலுக்காகத்தான்.

அவள் லென்ஸின் வாயை முழுசாகத் திறந்து வைத்தாள். இவ்வளவு கிட்டத்தில் அப்படித் திறந்தால் தெளிவாகத் தெரிவது ஒரு காகிதத்தின் கனம் மட்டும்தான். அதற்கு முன்னால் இருப்பதும் பின்னால் இருப்பதும் கரைந்து வெறும் நிறமாகிவிடும். மூச்சை இழுத்தால் ஃபோகஸ் இதழின் விளிம்பில் இருந்தது; விட்டால் காம்புக்கு நழுவியது. பாதி மூச்சில் நிறுத்தினாள். காம்பின் வளைவில் ஒரே ஒரு ரோமம், நுனியில் பனித்துளியோடு, கூர்மையாக எழுந்து வந்தது. பூவோ அதற்குப் பின்னால் ஊதாப் புகையாக நின்றது. குறுக்கே கிடந்த ஓக் மரத்துச் சருகு பழுப்பு மூடுபனிபோல் படத்தின் கீழ்ப்பாதியில் பரவியது. அவளுக்கு அது பிடித்திருந்தது.

"பான் அம்மணி, அந்தச் சருகை எடுத்துடுங்க. பூவோட மூஞ்சிக்கு நேரா கிடக்கு."

கிளப் தலைவர் குக் சாங்தேயின் குரல். வங்கி மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். பக்கத்தில் முட்டி போட்டு உட்கார்ந்து, பல் மருத்துவர் மாதிரி ஒரு துணியை விரித்து, அதில் தூரிகை, இடுக்கி, சின்னக் கத்தரிக்கோல், தண்ணீர் தெளிக்கும் குப்பி எல்லாவற்றையும் வரிசையாக வைத்திருந்தார். அவர் தேர்ந்தெடுத்த பூங்கொத்தைச் சுற்றி ஒரு சருகு கிடையாது, ஒரு குச்சி கிடையாது. தூரிகையால் மண்ணைக்கூடத் தடவிவிட்டிருந்தார்.

"கிடக்கட்டும் தலைவரே. எனக்குத் தெரியல."

"தெரியலையா? மூக்குக்கு முன்னால கிடக்கு!"

"லென்ஸுக்குத் தெரியலன்னு சொன்னேன்."

மேலே பாறையோரம் படுத்திருந்த அவள் தோழி மக்தலேனா எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்: "அவளை விடுங்க தலைவரே. கண்ணாடி இல்லாட்டி பஸ்ஸுன்னு நெனச்சுப் புருஷனையே கை காட்டி நிறுத்துவா."

சரிவு முழுக்கச் சிரிப்பு. யோன்சிலின் கணவர் நகரப் பேருந்து ஓட்டுகிறவர் என்பது எல்லோருக்கும் தெரியும். யோன்சிலும் சிரித்தாள். சிரித்ததில் ஃபோகஸ் போயிற்று. மறுபடி பாதி மூச்சிலிருந்து தொடங்கினாள்.

மக்தலேனா சொன்னது பொய்யும் இல்லை. சின்ன வயதிலிருந்தே யோன்சிலுக்குக் கையெட்டும் தூரத்துக்கு அப்பால் உலகம் கஞ்சித்தண்ணீர்தான். பள்ளிக்கூடத்தில் சேர்த்த பிறகுதான் வீட்டில் கண்டுபிடித்தார்கள். அதுவரை எல்லோருக்கும் அப்படித்தான் தெரியும் என்று நினைத்திருந்தாள். அம்மா சட்டைப் பொத்தான் போட்டுவிடக் குனியும்போது மட்டும் அம்மாவுக்கு இமை வரும், மூக்கில் மச்சம் வரும். நிமிர்ந்ததும் அம்மா மறுபடி ஒரு வெளிச்சம். அதனாலோ என்னவோ, சந்தைத் தெருவில் துணி திருத்தும் கடை வைத்து மற்றவர்களின் கால்சட்டைகளுக்கு மடிப்புத் தைத்துக்கொண்டிருந்தவள், இதே தலைவர், கிட்டத்தில் இருப்பதைப் பெரிதாகக் காட்டும் தன்னுடைய பழைய மேக்ரோ லென்ஸை முதல்முறை கையில் கொடுத்து "இதுல பாருங்க" என்றபோது, அதற்குள் தெரிந்ததைப் பார்த்துத் திடுக்கிட்டாள். இந்த இடத்துக்கு முன்பே வந்திருக்கிறோம் என்று தோன்றியது. திருப்பிக் கொடுக்கப் போனவளிடம், "வச்சுக்கிட்டுப் பழகுங்க, என்கிட்ட புதுசு இருக்கு" என்றார். அந்த மாதிரி மனிதர்தான் அவர். கிளப்பில் பாதிப் பேருக்கு அவர்தான் கேமராவைப் பிடிக்கச் சொல்லிக்கொடுத்தவர்.

அவருடைய படங்கள் வேறு வகை. ஃபோகஸை இம்மி இம்மியாக நகர்த்திப் பல படங்கள் எடுத்து, கணினியில் அடுக்கி ஒன்றாக்குவார். முன்னிதழ் முதல் பின்னிதழ் வரை, மகரந்தத்தூள் வரை, எல்லாம் ஒரே கூர்மை. நகராட்சி நாட்காட்டியில் வருஷா வருஷம் மார்ச் மாதத்துப் பக்கம் அவருடையதுதான். மாதக்கூட்டத்தில் யோன்சிலின் படம் திரையில் விழும்போது, "அம்மணி, நல்ல நிறம். இதுல பூ எங்க இருக்குன்னு சொன்னீங்கன்னா எல்லாரும் பாப்போம்" என்பார். வன்மம் கிடையாது. பொறுமையிழந்த வாத்தியாரின் குரல்தான் அது.

அந்த வாரம் புதன்கிழமை, நல்ல உறைபனி விழுந்த மறுநாள், அவள் கடையைப் பூட்டிவிட்டுத் தனியாகச் சாத்கோலுக்குப் போனாள். எதையோ சரிபார்க்கப் போகிறோம் என்று தோன்றியதே தவிர, எதை என்று தெளிவில்லை.

சரிவில் அங்கங்கே வட்ட வட்டமாக வெறும் மண் தெரிந்தது, தலையில் சொட்டை விழுந்தமாதிரி. ஒவ்வொரு வட்டத்தின் நடுவிலும் பூக்கள் சாய்ந்து கிடந்தன. வெந்த கீரையின் நிறம். தொட்டால் விரலில் ஒட்டியது. சருகுப் போர்வை இல்லாமல் காம்பு ராத்திரிக் குளிரைத் தாங்கவில்லை. தலைவர் எடுத்த கொத்தில் ஒரு காம்பு அடியில் நேராக வெட்டப்பட்டிருந்தது. படத்தின் அமைப்பைக் கெடுத்த காம்பாக இருக்கும். இரண்டடி தள்ளி அவள் படுத்திருந்த இடத்தில், குறுக்கே கிடந்த ஓக் சருகுக்குப் பின்னால், அந்தப் பூ நிமிர்ந்து நின்றது. அதைப் பார்த்து அவளுக்குச் சந்தோஷம் வரவில்லை. போன வருஷம் மேல்மேட்டில் தானும்தான் சருகை ஒதுக்கினாள். எல்லோரும் ஒதுக்கினார்கள், அவளும் ஒதுக்கினாள்.

கண்ணாடியைக் கழற்றிவிட்டு, தலைவரின் கொத்துக்கு முன்னால் படுத்தாள். சாய்ந்து கிடந்த காம்பில் ரோமங்கள் மட்டும் சாகாததுபோல் விறைத்து நின்றன, ஒவ்வொன்றிலும் பனிப்படிகம். லென்ஸை முழுசாகத் திறந்தாள். ஒரு ரோமம், ஒரு படிகம். மற்றதெல்லாம் கரைந்து இருண்ட ஊதாவாகவும், கீழே ஈர மண்ணின் கறுப்பாகவும் ஆயின.

*

மாதக்கூட்டம் எப்போதும் மக்தலேனாவின் நூடுல்ஸ் கடையில்தான், பின்னறையில். தரையில் சுற்றி உட்கார்ந்து, நடுவில் உருளைக்கிழங்கு அடையும் கள்ளும், சுவரில் வெள்ளைத்துணி. யோன்சிலின் படம் விழுந்ததும் எல்லோரும் திரையின் பக்கம் திரும்பினார்கள். அப்புறம் யாரோ நாக்கைச் சப்புக்கொட்டினார்கள்.

தலைவர் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்து திரைக்குப் பக்கத்தில் போனார். "இதுதான்! இத்தனை நாளா நான் தலையில அடிச்சுக்கிட்டது இதுக்குத்தான். பாருங்க, கண்ணு நேரா இங்க வருது. இங்கதான் நிக்குது. மத்ததெல்லாம் வழிவிடுது." திரும்பி அவளைப் பார்த்தார். முகத்தில் நிஜமான சந்தோஷம். "எங்க எடுத்தீங்க அம்மணி?"

"நீங்க எடுத்த எடத்துலதான் தலைவரே. ஞாயித்துக்கிழமை நீங்க எடுத்த அதே பூ." அவள் குரல் அவளுக்கே சின்னதாகக் கேட்டது. எழுந்து நின்றாள். "செத்துப்போச்சு. நாம சுத்தம் பண்ண எடத்துல எல்லாமே செத்துப்போச்சு."

யாரும் அடையைத் தொடவில்லை.

"பனி விழுந்திருக்கும்," என்றார் தலைவர்.

"சருகு இருந்த எடத்துல நிக்குது."

"எனக்குத் தெரியாதா அம்மணி? இங்க யாருக்குத் தெரியாது? மேல காம்பு போனா வேர் உசிரோட இருக்கும். அடுத்த வருஷம் வரும்."

"போன வருஷம் மேல்மேட்டுல சருகை எடுத்தோமே. நானும் சேர்ந்துதான் எடுத்தேன். அங்க இந்த வருஷம் வந்துச்சா?"

தலைவரின் காதுமடல் சிவந்தது. அவர் திரையைக் காட்டினார். "சரி. அப்ப இது என்ன? நான் குப்பையைக் கையால எடுக்கறேன், நீங்க லென்ஸால எடுக்கறீங்க. பாக்கறவனுக்கு ரெண்டு பேரும் சுத்தமான பூவைத்தான் காட்டறோம். நானாவது ஒரு நரம்பு விடாம காட்டறேன். நீங்க மறைக்கறீங்க. பொணத்தைக்கூட அழகாக்கி எடுத்துக்கிட்டு வந்து எங்க முன்னால வைக்கறீங்க."

அது அவளை நேராக வந்து தைத்தது. படத்தைப் பார்த்தாள். அழகாகத்தான் இருந்தது. செத்தது என்று தெரியவில்லைதான். ஆனாலும் உட்கார மனசு வரவில்லை. மற்றவர்கள் தரையில் இருக்க, தலைவருக்கு எதிரே அவள் காலுறையோடு நடுவில் நின்றுகொண்டிருந்தாள்.

"இனிமே நான் எடுக்கற எடத்துல யாரும் சருகைத் தொடக்கூடாது," என்றாள்.

"நீங்க எடுக்கற எடமா?" தலைவர் சிரித்தார். சிரிப்பு பாதியில் வேறு ஏதோ ஆகிவிட்டது. "எதை வச்சு எடுப்பீங்க? அந்த லென்ஸ் என்னோடது."

சொன்ன மறுநொடியே அவருக்கு அது பிடிக்காமல் போனது முகத்தில் தெரிந்தது. ஆனால் சொல்லியாயிற்று, இத்தனை பேர் முன்னால். யோன்சில் கேமராவைப் பையிலிருந்து எடுத்தாள். லென்ஸைத் திருகிக் கழற்றினாள். முன்மூடியைப் போட்டாள், பின்மூடியைப் போட்டாள், தன் கழுத்துத்துணியால் ஒருமுறை துடைத்தாள். இரண்டு கைகளாலும் ஏந்தி, தலை குனிந்து, மூத்தவருக்கு எதையும் கொடுக்கிற முறைப்படியே கொடுத்தாள். "நல்லாப் பாத்துக்கிட்டேன். நன்றி தலைவரே."

மக்தலேனா படக்கென்று விளக்கைப் போட்டாள். "என் கடையில சண்டை போடறவங்க அவங்கவங்க கிண்ணத்தைக் கழுவிட்டுப் போகணும். சொல்லிட்டேன்."

ஒருவரும் சிரிக்கவில்லை.

*

"மறைக்கறியாமா?" கணவர் ஹக்சு கேட்டார். பேருந்துச் சீருடையைக்கூட மாற்றாமல் அடியிலிருந்து சூடேற்றிய தரையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். "அந்தாளு சொன்னதுல என்ன தப்பு? நீ கொண்டுவர்ற படத்துல நானே இன்னிக்கு வரைக்கும் ஒரு முழுப் பூவைப் பாத்ததில்ல."

"உங்ககிட்ட கேட்டேனா?"

"கேக்கல. நானாத்தான் சொல்றேன்."

அவள் மடியில் யாருடையதோ பள்ளிக்கூடப் பாவாடை. மடிப்பைப் பிரித்துக்கொண்டே யோசித்தாள். தலைவர் சொன்னதை எந்தப் பக்கம் திருப்பினாலும் அதில் கொஞ்சம் உண்மை இருந்தது. மறைக்கிறாள்தான். சருகை மறைக்கிறாள், குச்சியை மறைக்கிறாள், பக்கத்துப் பூவைக்கூட மறைக்கிறாள். ஆனால் அவள் கேமராவைத் தூக்கிக்கொண்டு எழுந்த பிறகு சருகு அங்கேயே கிடக்கிறது. குச்சி அங்கேயே கிடக்கிறது. ராத்திரி பனி விழும்போது அது தன் வேலையைச் செய்கிறது. படத்தில் இல்லாமல் போனது மலையில் இல்லாமல் போகவில்லை. இதை அங்கேயே சொல்லியிருக்கலாம். எப்போதும் இப்படித்தான், சொல்ல வேண்டியது வீட்டுக்கு வந்து ஊசியில் நூல் கோக்கும்போதுதான் வருகிறது.

ஹக்சு எழுந்து போய் அலமாரியின் உச்சியில் எதையோ உருட்டினார். பழைய ஃபிலிம் கேமராவோடு வந்தார். கல்யாணமான புதிதில் சேஜு தீவுக்குப் போவதற்காக வாங்கியது. அந்தப் பயணத்தில் எடுத்த ஒரு படத்திலும் ஒருத்தருக்கும் முகம் இல்லை. அதற்காக யோன்சில் அவரைப் பல வருஷம் குத்திக்காட்டியிருக்கிறாள்.

"இந்த லென்ஸைத் திருப்பிப் போட்டா பூதக்கண்ணாடி மாதிரி காட்டும்," என்றார். "அந்தக் காலத்துல எங்க டிப்போ மெக்கானிக் ஒருத்தன் எறும்பெல்லாம் எடுப்பான்." பேருந்துக்கு ஒட்டுகிற கறுப்பு டேப்பைப் பல்லால் கடித்துக் கிழித்து, லென்ஸைப் பின்புறம் முன்னாலிருக்கும்படி அவள் கேமராவின் வாயில் வைத்துச் சுற்றினார். பார்க்க, அடிபட்டுக் கட்டுப்போட்டது மாதிரி இருந்தது. "எங்க, என்னைப் பாரு."

அவள் பார்த்தாள். முதலில் ஒன்றுமே இல்லை, வெறும் வெளிச்சக் கலங்கல். உடம்பை முன்னுக்குச் சாய்த்தாள். எங்கிருந்தோ ஒரு கோடு பிறந்தது, பிறந்ததும் காணாமல் போனது. தலைவரின் லென்ஸில் காகிதத்தின் கனம் என்றால், இதில் அதுகூட இல்லை.

"என்ன தெரியுது?"

"உங்க மோதிர விரல் நகம். அதுலயும் ஓரம் மட்டும்."

"மிச்சம் நான் எங்க?"

"கரைஞ்சுட்டீங்க."

"நல்லதாப் போச்சு. அப்ப பாத்திரம் கழுவ என்னைத் தேடாத."

அவள் கேமராவை இறக்கவில்லை. நகத்தின் ஓரத்தில் பேருந்தின் எண்ணெய்க் கறுப்பு ஒரு மெல்லிய பிறைபோல் மிதந்தது. எடுத்துக்கொண்டாள்.

*

அடுத்த ஞாயிறு சாத்கோலின் மேல் ஓடைக்கரையில் வெள்ளை மான்காது பூத்திருப்பதாகச் செய்தி பரவியிருந்தது. ஒரே கொத்தில் ஏழெட்டுப் பூக்கள், தூய வெள்ளை. அந்தப் பக்கத்தில் அபூர்வம். வேறு இரண்டு ஊர் கிளப்புகளும் வருகிறார்கள் என்று மக்தலேனா தொலைபேசியில் சொன்னாள். "வண்டி வச்சு வர்றாங்கடீ. கல்யாணத்துக்கு வர்ற மாதிரி."

இருவரும் எல்லோருக்கும் முன்பே போய்விட்டார்கள். ஓடையில் கரையோரம் இன்னும் பனிக்கட்டி. கொத்து ஒரு நீளமான பாறைக்கும் ஓடைக்கும் நடுவில் இருந்தது. ஒருவர் படுத்தால் அடுத்தவருக்கு இடமில்லை. இடுப்பளவு சருகுக்குள் நிற்கிற குழந்தைகள்போல் பூக்கள் தலையை மட்டும் நீட்டிக்கொண்டிருந்தன. யோன்சில் கையால் தொட்டுத் தொட்டுப் பார்த்து, மொட்டு இல்லாத இடமாகத் தேடி, மெதுவாக உடம்பைச் சாய்த்துப் படுத்தாள். கட்டுப்போட்ட கேமராவைக் கண்ணில் வைத்தாள்.

காட்டுப்பூ எடுக்கிறவர்களுக்குள் எழுதாத ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் பூ முன்னால் படுத்துவிட்டால், அவராக எழும்வரை அடுத்தவர் காத்திருக்க வேண்டும். அவசரப்படுத்தக் கூடாது, நிழல் விழ நிற்கக் கூடாது. அந்த வழக்கத்தைக் கிளப்பில் புதிதாய்ச் சேருகிற ஒவ்வொருவருக்கும் முதல் நாளே சொல்லிக்கொடுப்பவர் குக் சாங்தேதான்.

ஆட்கள் வந்தார்கள். பின்னால் பைகள் இறங்கும் சத்தம், முக்காலிக் கால்கள் இழுபடும் சத்தம். யோன்சில் திரும்பவில்லை. வெயில் பாறையின் மேல்விளிம்பைத் தாண்டிப் பூவின் பின்னால் இறங்கியது. வெள்ளை இதழ் உள்ளிருந்து ஒளிர்ந்தது. இந்த லென்ஸில் பூவே தெரியவில்லை. பால் நிறைந்த ஒரு வெளி, அதில் மகரந்தத்தின் ஒற்றைத் தண்டு, அதன் தலையில் மஞ்சள் பொடி. சாய்ந்தால் அது போய் வேறொன்று வந்தது. ஒரே பூவுக்குள் இத்தனை இடங்களா என்று அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. கொஞ்ச நேரம் தான் எதற்கு வந்தோம் என்பதையே மறந்து எடுத்துக்கொண்டிருந்தாள்.

"முடிஞ்சுதா அம்மணி?" தலைவரின் குரல், வழக்கப்படி மரியாதையாக.

"இன்னும் எடுத்து முடிக்கல."

காத்திருந்தார்கள். யாரோ காப்பிக் குப்பியைத் திறந்தார்கள். மறுபடி கேட்டார். மறுபடி அதே பதில். மூன்றாவது முறை கேட்டது வேறு ஊர்க்காரர் ஒருவர்: "அக்கா, பொண்ணு பாக்கறவங்ககூட இவ்வளவு நேரம் பாக்க மாட்டாங்க!"

"அங்கயே பிரசவம் பாக்கப் போறாங்க போல," என்றார் இன்னொருவர்.

"பெத்தா உன் பேரை வைக்க மாட்டா, கவலைப்படாத," என்றாள் மக்தலேனா. அவள் பாறைமேல் ஏறி உட்கார்ந்து, காவலுக்கு வந்தவள்போல் கிம்பாப் சோற்றுச் சுருளைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

யோன்சில் கேமராவிலிருந்து கண்ணை எடுக்காமலே உரக்கச் சொன்னாள்: "சருகைத் தொட மாட்டேன், எதையும் வெட்ட மாட்டேன்னு சொல்றவங்க வரலாம். அவங்களுக்கு உடனே எந்திரிச்சு எடம் விடறேன். அதுவரைக்கும் நான் எடுத்து முடிக்க மாட்டேன்."

முணுமுணுப்பு எழுந்தது. இவ்வளவு தூரம் வண்டி ஓட்டி வந்தது இதற்கா என்றார்கள். மலை இவள் அப்பன் வீட்டுச் சொத்தா என்றார்கள். "படமே வராது, இந்தச் சருகுக்குள்ள என்ன தெரியும்?" என்று ஒருவர் கத்தினார். அந்தக் குரலில் கோபத்தைவிட ஏமாற்றம்தான் இருந்தது. அவள் அதைக் கேட்டாள். வேறு ஊர் கிளப்பிலிருந்து சாம்பல் தொப்பி போட்ட ஒரு பெண் மட்டும் முன்னால் வந்தாள். "நான் தொட மாட்டேன். எனக்குக் காட்டுங்க, எப்படி எடுக்கறதுன்னு."

சொன்னபடி யோன்சில் நகர்ந்து, பாறையோடு ஒட்டிப் படுத்து, அவளுக்கு ஓர் ஆள் படுக்கிற இடம் விட்டாள். அந்தப் பெண் படுத்தாள். "லென்ஸோட வாயை முழுசாத் திறங்க. இன்னும் கீழ போங்க. சருகை லென்ஸோட மூக்குல இடிக்கற அளவுக்குக் கிட்ட வையுங்க. கிட்ட இருந்தாத்தான் கரையும்." அந்தப் பெண்ணின் ஷட்டர் ஒருமுறை கேட்டது. "அய்யோ," என்று மெல்லச் சொன்னாள். எடுத்துவிட்டு, வந்தமாதிரியே சருகு அசையாமல் பின்னால் ஊர்ந்து எழுந்து போனாள். அவளுக்குப் பிறகு இன்னும் இரண்டு பேர் வந்தார்கள். மற்றவர்கள் வரவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகப் பைகளைத் தூக்கிக்கொண்டு கீழ்ச்சரிவுக்குப் போனார்கள்.

தலைவர் வரவில்லை, போகவும் இல்லை. எதிரே ஒரு கல்லில் உட்கார்ந்து கைகளைக் கட்டிக்கொண்டார். தூரிகையும் இடுக்கியும் இருந்த துணிச்சுருள் அவர் மடியில் பிரிக்காமல் இருந்தது.

மதியம் தாண்டியது. யோன்சிலுக்கு இடுப்புக்குக் கீழே இருப்பது தன் உடம்பு என்ற நினைப்பே போய்விட்டது. சிறுநீர் முட்டியது. மக்தலேனா குனிந்து வாற்கோதுமைத் தண்ணீரை நீட்டியபோது வேண்டாம் என்று தலையாட்டினாள்.

"எந்திரிச்சுப் போயிட்டு வாடீ, நான் படுக்கறேன்."

"எந்திரிச்சா முடிஞ்சுதுன்னு அர்த்தம்."

"பிடிவாதம் புடிச்சவளே," என்று சொல்லிவிட்டு மக்தலேனா தன் கம்பளிக் கழுத்துத்துணியை அவள் இடுப்பில் போர்த்தினாள். அப்புறம் தலைவரின் பக்கம் திரும்பி, "உங்களுக்கும் வயசாச்சு. கல்லுல உக்காந்தா மூலம் வரும்," என்றாள். மக்தலேனா கிம்பாப்பில் பாதியை அவரிடம் நீட்டினாள். வாங்கிக்கொண்டார்.

வெயில் ஓடையைத் தாண்டி எதிர்க்கரை ஏறியது. குளிர் மண்ணிலிருந்து மேலே வர, பூக்கள் ஒவ்வொன்றாக மூடத் தொடங்கின. கண்ணுக்குத் தெரியும் வேகம் இல்லை. ஆனால் யோன்சிலின் மெல்லிய ஃபோகஸுக்கு அது தெரிந்தது. பிடித்து வைத்த விளிம்பு தானாகவே நழுவி நழுவிப் போனது.

"மூடிக்கிச்சு," என்றார் தலைவர்.

"ஆமா."

"நாளைக்கும் திறக்கும்."

"நாளைக்கும் வருவேன். கடையைப் பூட்டிட்டு வருவேன். பூ இருக்கற வரைக்கும் வந்து படுப்பேன் தலைவரே. நீங்க சொல்லிக்கொடுத்த வழக்கம்தானே."

அவர் முகத்தில் எதுவோ அசைந்தது. எரிச்சலா, வேறு ஏதாவதா என்று கண்ணாடி இல்லாத அவளுக்குத் தெரியவில்லை. முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு வெளிர் திட்டு மட்டும்தான் இருந்தது.

மக்தலேனா அவள் அக்குளில் கைகொடுத்துத் தூக்கினாள். கால் மரத்திருந்ததால் யோன்சில் பாறையைப் பிடித்துக்கொண்டு தொங்கினாள். இருவரும் சிரித்துவிட்டார்கள். மக்தலேனா கீழே போய்ப் புதருக்கு இந்தப் பக்கம் யாரும் வராமல் பார்த்துக்கொள்வதாகச் சொன்னாள். யோன்சில் போய்விட்டு, தட்டுத்தடுமாறித் திரும்பி வந்தபோது தலைவர் கல்லிலிருந்து எழுந்து, அவள் படுத்திருந்த இடத்தின் ஓரத்தில் நின்றிருந்தார். கையில் ஒன்றும் இல்லை. துணிச்சுருள் கல்லின்மேல் கிடந்தது.

"இங்க பாருங்க," என்றார்.

அவள் கண்ணாடியை இறக்கிப் போட்டுக்கொண்டாள். பாறையை ஒட்டி, கடைசியாக அவள் நகர்ந்து படுத்த இடத்தில், சருகு ஒரு குழியாக அமுங்கியிருந்தது. முழங்கை ஊன்றிய இடம். அதன் நடுவில் ஒரு மொட்டு நசுங்கிக் கிடந்தது. சருகுக்கு அடியில் இருந்திருக்க வேண்டும். காம்பு முறியவில்லை. ஆனால் பாதியில் மடிந்து, தலை மண்ணில் பட்டுக் கிடந்தது.

அவர் ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தாள். கண்ணைத் தாழ்த்திக்கொள்ளவில்லை.

"நான்தான்," என்றாள். "பாத்துதான் படுத்தேன். தெரியல."

அவர் முட்டியைப் பிடித்துக்கொண்டு, சத்தத்தோடு, கீழே உட்கார்ந்தார். கையை நீட்டினார். அந்தக் கை மொட்டுக்கு மேலே வந்து நின்றது. தொடலாமா வேண்டாமா என்று அது அங்கேயே நின்றது. பின்பு தொடாமலே திரும்பி அவர் மடிக்குப் போனது.

யோன்சில் எதிர்ப்பக்கத்தில் குந்தினாள். கீழேயிருந்து மக்தலேனா கடைசிப் பேருந்து என்று கூப்பிடுவது கேட்டது. இருவரும் அசையவில்லை. மடிந்த காம்பின் ரோமங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. அதில் ஒன்று, பிறகு இன்னொன்று, ஒட்டு விட்டுப் பிரிந்து எழுந்ததுபோல் இருந்தது. காற்றாகவும் இருக்கலாம். வெளிச்சம் குறையக் குறைய இருவரும் இன்னும் தாழக் குனிந்தார்கள்.